நமக்குள் ஐந்து அறைகள்

'வயிறு' என்னும் ஒரு சொல்லை நாம் எத்தனை பொருளில் வழங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பசி வந்தால் வயிறு கிள்ளுகிறது என்கிறோம். அங்கே வயிறு என்பது இரைப்பை. வயிற்றுப்போக்கு என்கிறோம், அங்கே அது குடல். "பெற்ற வயிறு பற்றி எரிகிறதே" என்று ஒரு தாய் அழுதால், அங்கே அது கருப்பை. நெஞ்சும் அப்படித்தான். நெஞ்சில் சளி என்றால் நுரையீரல். நெஞ்சு படபடக்கிறது என்றால் இதயம். நெஞ்சு கரிக்கிறது என்றால் உணவுக்குழல். நெஞ்சாரச் சொல்கிறேன் என்றால் மனம்!

இலக்கியத்திற்கு இது வளம். ஆனால் நள்ளிரவில் ஒருவர் "வயிறு வலிக்கிறது" என்று துடிக்கும்போது இந்தச் சொல் நமக்கு உதவுவதில்லை. வலிப்பது எது? இரைப்பையா, பித்தப்பையா, குடல்வாலா, சிறுநீரகமா? அல்லது மேலே இருக்கும் இதயமேதானா? உண்மையில் வயிறு, நெஞ்சு என்பன தனி உறுப்புகளின் பெயர்கள் அல்ல; உறுப்புகள் குடியிருக்கும் அறைகளின் பெயர்கள். எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்தவன் இருட்டிலும் கை நீட்டி எடுத்துவிடுவான். தெரியாதவன் பட்டப்பகலிலும் தடுமாறுவான். நம் உடம்பாகிய வீட்டின் அறைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்து வருவோம்.

குழி என்றால் வெற்றிடமா?

விலங்கியலில் இவ்வறைகளை 'உடற்குழிகள்' என்று குறிப்பிடுகிறோம். குழி என்றவுடன் வெற்றிடம் என்று எண்ணிவிடக் கூடாது. உயிருள்ள உடம்பில் இந்த அறைகளுக்குள் ஒரு விரல் நுழையக்கூட இடமிராது. உறுப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருங்கி இருக்கின்றன. இருந்தும் அவை உராய்ந்து புண்ணாவதில்லை. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 தடவை துடிக்கிறது. குடல் ஓயாமல் நெளிகிறது. ஆனால் அந்த அசைவு நமக்குத் தெரிவதே இல்லை. இஃது எப்படி?

பாதி ஊதிய பலூன் ஒன்றினுள் நம் முட்டியை அழுத்துவதாகக் கொள்வோம். பலூனின் ஒரு பக்கம் முட்டியோடு ஒட்டிக்கொள்ளும். மறுபக்கம் வெளியே நிற்கும். இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்கும். முட்டி உறுப்பு, பலூன் அதன் உறை. உள்ளுறை உறுப்பைத் தழுவுகிறது. வெளியுறை அறையின் சுவரைத் தழுவுகிறது. இடையிலே மெல்லிய படலமாகச் சிறிதளவு நீர் கசிந்து நிற்கிறது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அவை எளிதாக வழுக்கிச் செல்லும். ஆனால் பிரித்தெடுக்க முயன்றால் எளிதில் பிரியமாட்டா. நுரையீரலைச் சுற்றி நுரையீரல் உறையும், இதயத்தைச் சுற்றி இதய உறையும், குடலைச் சுற்றிப் பெரிட்டோனியம் எனப்படும் வயிற்று உறையும் இவ்வாறே அமைந்துள்ளன.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரைப்பையின் உட்புறமும் குடலின் உட்புறமும் உடற்குழி ஆகா. வாயில் தொடங்கி மலவாயில் முடியும் உணவுப்பாதை ஒரே நீண்ட குழாய். அது வீட்டினுள்ளே செல்லும் தண்ணீர்க் குழாயைப் போன்றது. குழாய்க்குள் ஓடும் தண்ணீர் வீட்டுக்குள் இருப்பதாகத் தோன்றினாலும் அறைக்குள் இல்லை. குழாய் வெடித்தால்தான் அது அறைக்குள் புகும். இந்த வேறுபாடு பின்னால் நமக்கு மிகவும் பயன்படும்.

மண்புழு தந்த பாடம்

ஹைட்ரா போன்ற குழியுடலிகளுக்கு உள்ளே இருப்பது செரிமானக் குழி ஒன்றே. தட்டைப்புழுவுக்கு உடற்குழியே இல்லை. நாம் எளிதாக எண்ணும் மண்புழுவுக்கோ உணவுப்பாதைக்கும் உடற்சுவருக்கும் இடையில் உண்மையான உடற்குழி உண்டு. அதனால் என்ன பயன்? புழு ஊர்ந்தாலும் நின்றாலும் குடல் தன் வேலையைத் தனியே செய்ய முடிகிறது. நாம் பேருந்தில் ஓடி ஏறும்போதும் காலையில் உண்ட இட்டிலி செரித்துக்கொண்டே இருக்கிறதென்றால், அதற்கு அடிப்படை இந்த அமைப்பே ஆகும்.

மனிதக் கருவில் உடற்குழி நான்காம் வாரத்தில் உருவாகிறது. முதலில் ஒரே அறையாக இருப்பது பின்னர் இதயத்துக்கும் நுரையீரல்களுக்கும் வயிற்று உறுப்புகளுக்கும் எனப் பிரிக்கப்படுகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே எழும் சுவரே உதரவிதானம். தசையாலான முழுமையான உதரவிதானம் பாலூட்டிகளுக்கே உரிய சிறப்பு. சுமார் 3,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இச்சுவர் முழுதும் மூடாமல், பெரும்பாலும் இடப்புறத்தில், துளை விழுந்துவிடுகிறது. குடல் மேலேறி மார்பறைக்குள் புகுந்து நுரையீரலை வளரவிடாமல் நெருக்குகிறது. பிறந்தவுடன் மூச்சுக்குத் திணறும் அக்குழந்தைக்கு அறுவை மருத்துவம் தேவைப்படுகிறது. ஒரு சுவரின் அருமை அது இல்லாதபோதுதான் தெரிகிறது!

பின்புறத்து இரண்டு அறைகள்

வசதிக்காக உடம்பின் அறைகளைப் பின்புறம் இரண்டு, முன்புறம் மூன்று எனக் கொள்ளலாம். பின்புறத்தவை மண்டையறையும் முதுகெலும்புக் குழலும். இவை மண்புழுவிடம் கண்டது போன்ற உடற்குழியிலிருந்து தோன்றியவை அல்ல. எலும்பால் சூழப்பட்டு, மூன்று மூளையுறைகள் போர்த்திய தனி அறைகள்.

மண்டையறையில் குடியிருக்கும் மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அது மூளைத் தண்டுவட நீரில் மிதப்பதால், அதன் எடை வெறும் 50 கிராம் போலவே உணரப்படுகிறது. எந்நேரமும் சுமார் 150 மில்லிலிட்டர் அளவே இருக்கும் இந்நீர் நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் ஊறி, வடிந்து, புதுப்பிக்கப்படுகிறது.

இந்த அறையின் வலிமையே இதன் ஆபத்தும் ஆகும். எலும்புச் சுவர் விரியாது. உள்ளே இருப்பவை மூளை, இரத்தம், நீர் ஆகிய மூன்றே. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ 1783-இலேயே இவ்வுண்மையைச் சொன்னார். "பொட்டில் அடித்தாற்போல்" என்கிறோமே, அந்த நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறம் ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. அடிபட்டு அது கிழிந்தால் சிலர் சற்றே மயங்கி, உடனே தெளிந்து எழுந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு நடந்தே போய்விடுவர். ஆனால் உள்ளே இரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி உயிருக்கே முடிவு வரலாம். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ அரற்றினாலோ, "தூங்கட்டும், சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது பெருந்தவறு. தலைக்கவசம் காவலருக்குக் காட்டுவதற்காக அன்று, இந்த அறைக்காகவே என்பதை இருசக்கர வண்டியில் வரும் நண்பர்கள் நினைவில் கொள்வார்களாக.

முதுகெலும்புக் குழலில் தண்டுவடம் இறங்குகிறது. குழலின் முழு நீளத்துக்கும் அது செல்வதில்லை; பெரியவர்களில் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீரும், குதிரை வாலைப் போன்று தொங்கும் நரம்புகளுமே உள்ளன. ஆகவேதான் முதுகில் போடும் ஊசியை மருத்துவர் கீழ் இடுப்பில் போடுகிறார். 1891-இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே இம்முறையில் நீர் எடுத்துக் காட்டினார். "முதுகில் ஊசி போட்டால் தண்டுவடமே போய்விடும்" என்று அஞ்சுவோருக்கு இந்த அறையின் அமைப்பே ஆறுதல் சொல்லும்.

மார்பறை

முன்புற அறைகளில் முதலாவது மார்பறை. 12 இணை விலா எலும்புகள் கூடை பின்னியதுபோல் இதனைச் சூழ்ந்துள்ளன. உள்ளே வலமும் இடமும் நுரையீரல் அறைகள். நடுவே இதயம், பெருங்குழாய்கள், மூச்சுக்குழல், உணவுக்குழல் ஆகியவை இருக்கும் நடுமார்பு. வல நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இட நுரையீரலுக்கு இரண்டே. இதயம் முழுவதும் இடப்பக்கம் இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அது நடுவில்தான் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு இடப்புறம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உறுப்புகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி அமைந்திருப்பதும் உண்டு.

நுரையீரலுக்குத் தானே விரியும் ஆற்றல் கிடையாது. மார்புச்சுவர் விரியும்போது, நாம் முன்னே கண்ட ஈரக் கண்ணாடித் தகடுகளைப் போல அதுவும் உடன் இழுபட்டு விரிகிறது. கத்திக்குத்தாலோ விலா எலும்பு முறிவாலோ இரு உறைகளுக்கும் இடையே காற்று புகுந்துவிட்டால் தகடுகள் பிரிந்துவிடும், நுரையீரல் சுருங்கிவிடும். காச நோயில் அங்கே நீர் சேர்வதும் நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவதே.

அறையைத் திறக்காமலே உள்ளே நீர் இருப்பதை அறிவது எப்படி? தேங்காய் வாங்குவோர் தட்டிப் பார்க்கிறார்கள். பானை வாங்குவோரும் தட்டிப் பார்க்கிறார்கள். ஆஸ்திரியாவில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த லியோபோல்டு ஆவென்பிரகர் என்னும் மருத்துவர் நோயாளியின் மார்பையே தட்டிப் பார்த்தார். மதுப் பீப்பாய்களைத் தட்டி மதுவின் மட்டத்தை அறியும் வழக்கமே அவருக்கு வழிகாட்டியது என்று சொல்வர். காற்றுள்ள இடம் கணீரென ஒலிக்கும். நீருள்ள இடம் மந்தமாக ஒலிக்கும். 1761-இல் அவர் வெளியிட்ட நூலை அக்கால மருத்துவ உலகம் பெரிதாக மதிக்கவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கார்விசார் 1808-இல் அதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது பரவியது. ஸ்கேன் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்திலும் மருத்துவ மாணவர்கள் அந்தத் தட்டுதலைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதய உறை எளிதில் விரிந்து கொடுக்காது. அதற்குள் நீர் பல வாரங்களில் மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டர் வரையிலும் தாங்கக்கூடும். ஆனால் காயத்தால் திடீரெனச் சேரும் 200 மில்லிலிட்டர் இரத்தம், அதாவது ஒரு தம்ளர் அளவே, இதயத்தை விரியவிடாமல் நெருக்கி நிறுத்திவிடக் கூடும். ஆகவே உடம்பில் பாய்ந்து நிற்கும் கத்தியையோ கம்பியையோ நாம் பிடுங்கக் கூடாது. அதுவே அடைப்பாக நின்று இரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். மருத்துவமனையில்தான் அதனை எடுக்க வேண்டும்.

உதரவிதானம்

மார்பறையின் தரையும் வயிற்றறையின் கூரையும் இதுவே. அமைதியாக மூச்சு விடும்போது ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் அளவு இறங்கி ஏறுகிறது. இது திடீரெனச் சுண்டும்போது வருவதே விக்கல். பெருஞ்சிரை, உணவுக்குழல், பெருந்தமனி ஆகிய மூன்றும் கடந்து செல்ல இதில் மூன்று முக்கிய வாயில்கள் உள்ளன.

இதற்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோள்பட்டைக்கு வரும் உணர்ச்சி நரம்புகளும் அதே பகுதியிலிருந்து புறப்படுகின்றன. எனவே வயிற்றறையில் கசிந்த இரத்தம் உதரவிதானத்தைத் தொட்டால், நோயாளிக்குத் தோள்பட்டை வலிக்கும்! இடது விலாவின் அடியில் அடிபட்டவர் இடத்தோள் வலிக்கிறது என்றால், மண்ணீரல் கிழிந்திருக்குமோ என்று மருத்துவர் ஐயுறுவது இதனால்தான்.

வயிற்றறை

நம் வீட்டின் மிகப் பெரிய அறை இது. வலப்புற விலாவின் அடியில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல்; அதன் கீழ்ப்பரப்பை ஒட்டிப் பித்தப்பை; இடப்புறம் இரைப்பையும் மண்ணீரலும்; நடுவே சுமார் 6 மீட்டர் சிறுகுடல்; அதைச் சட்டம் போட்டதுபோல் சூழ்ந்து ஒன்றரை மீட்டர் பெருங்குடல்; வலப்புறக் கீழ் மூலையில் குடல்வால். கணையமும் சிறுநீரகங்களும் வயிற்று உறைக்குப் பின்னால், முதுகுச் சுவரோடு ஒட்டியுள்ளன. சிறுநீரகக் கல்லின் வலி விலாப்புற முதுகில் தொடங்கித் தொடையிடுக்கு நோக்கி இறங்குவதன் காரணம் இதுவே. கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலச் சிறுநீரகம் சற்றுக் கீழே இருக்கிறது.

இவ்வறையின் முன்புறம் எலும்பு இல்லை. அதனால்தான் நாம் குனியவும் வயிறார உண்ணவும் தாய் பிள்ளையைச் சுமக்கவும் முடிகிறது. ஆனால் அந்த நெகிழ்ச்சிக்கும் ஒரு விலை உண்டு. விபத்தில் வண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்திவிட்டால், வெளியே கீறல்கூட இல்லாதபோதும் உள்ளே லிட்டர் கணக்கில் இரத்தம் சேர முடியும். நம் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ 5 லிட்டர்தானே!

குடல்வால் அழற்சியைப் பாருங்கள். வலி முதலில் தொப்புளைச் சுற்றி மங்கலாகத் தொடங்கும். உறுப்பைத் தழுவிய உள்ளுறைக்கு வலியின் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. சில மணி நேரத்தில் அழற்சி சுவரைத் தழுவிய வெளியுறையைத் தொட்டதும், வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கிக் கூர்மையாகிறது. இந்த இடம்மாற்றம் ஒரு மணியோசை. அதைக் கேளாமல் வெறும் அசீரணம் என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும் வயிற்றை நீவி விடுவதும் நம் வீடுகளில் இன்றும் நடக்கின்றன. பேதி மருந்து குடலை முறுக்கி அசைக்க, குடல்வால் வெடிக்கக் கூடும். முன்னே சொன்ன தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது! குழாய்க்குள் இருக்க வேண்டிய கழிவும் கிருமிகளும் அறை முழுவதும் பரவிவிடுகின்றன.

அரண்மனையையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 26-6-1902 அன்று நடக்க இருந்தது. இரண்டு நாள் முன்பு, குடல்வால் சீழ்க்கட்டிக்காக அவருக்கு அரண்மனையிலேயே அறுவை நடந்தது. விழா ஆகஸ்டு 9-க்குத் தள்ளிப்போயிற்று. மன்னரைக் காப்பாற்றியவர் பிரடெரிக் டிரீவ்ஸ். குடல்வால் அறுவையில் புகழ்பெற்ற அந்த மருத்துவர், இரண்டாண்டுகளுக்கு முன் 1900-இல் தம் சொந்த மகளையே அதே நோய்க்குப் பறிகொடுத்திருந்தார் என்பதை அறியும்போது நெஞ்சு கனக்கிறது. காலம் தாழ்ந்தால் மருத்துவர் வீடும் விலக்கில்லை.

இடுப்பறை

வயிற்றறைக்கும் இடுப்பறைக்கும் இடையே சுவர் கிடையாது. இடுப்பெலும்பின் கிண்ணத்திற்குள் முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல், பெண்களுக்கு இவ்விரண்டின் நடுவே கருப்பை. பேரிக்காய் அளவே உள்ள கருப்பை, கருவுற்றபின் வளர்ந்து ஒன்பதாம் மாதத்தில் விலா எலும்பு வரை எட்டுகிறது. குடலும் இரைப்பையும் ஒதுங்கி இடம் கொடுக்கின்றன. ஒரு பிள்ளைக்காக வீட்டில் எல்லாரும் நெருக்கிப் படுத்துக்கொள்வதுபோல!

கரு சில வேளைகளில் கருப்பைக்குள் சேராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுவதுண்டு. குழாய் விரிய இடமில்லாமல் வெடித்தால் இரத்தம் இடுப்பறையில் சேரும். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தால், "பெண்களுக்கு வருவதுதானே" என்று கூறி நேரம் கடத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

முடிவாக...

ஐந்து அறைகளையும் சுற்றி வந்துவிட்டோம். எங்கும் ஒரே உண்மையைக் கண்டோம். மூடிய அறை உள்ளிருப்பதைக் காக்கிறது. ஆனால் அங்கு இருக்கக் கூடாத காற்றோ இரத்தமோ சீழோ புகுந்துவிட்டால், காத்த சுவரே நெருக்கும் சுவராகிவிடுகிறது. அப்போது முதன்மையான மருந்து நேரமே.

நாம் எல்லாரும் மருத்துவராகப் போவதில்லை. வரலாறும் தமிழும் வணிகவியலும் படிப்பவர்கள் நம்மிடையே மிகுதி. ஆயினும் நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். இரவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அக்கம்பக்கத்தார் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். வேர்த்துக் கொட்டி நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் அது வாயுப் பிடிப்பு என்று பெருங்காயமும் சோடாவும் தேடாமல், 108-ஐ அழைக்கச் சொல்லலாம். இடம் மாறி இறங்கும் வயிற்று வலிக்கு விளக்கெண்ணெயைத் தடுக்கலாம். தலையில் அடிபட்டவரை அன்றிரவு தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். "எங்கே வலிக்கிறது? எங்கே தொடங்கியது?" என்று கேட்டு, வலித்த இடத்தை மருத்துவரிடம் சரியாகச் சொல்லலாம். படித்த படிப்பு ஓர் உயிருக்காவது உதவுமானால் அதைவிடப் பெரிய பட்டம் நமக்கு வேறு வேண்டுமோ?